பெயர் சிதைந்த கல்

தேன்மொழி,

என் நாவலுக்குப் புதிய பதிப்பு வருகிறது. முன்னுரையாக நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று பதிப்பாளர் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. வழக்கம்போல அந்தக் காலம், அந்த நாடு, அந்த வீரன் என்று ஆரம்பித்து மூன்று முறை கிழித்துப் போட்டேன். நாலாவது முறை உட்கார்ந்தபோது உன் பெயரைத்தான் எழுத வந்தது. அதனால் முன்னுரை வர வேண்டிய இடத்தில் இந்தக் கடிதத்தையே அச்சடிக்கச் சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் தனியாக அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் மேடையேறித் தப்பாகப் பேசியவன், திருத்தத்தை மட்டும் மகளின் காதில் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. படிக்கிறவர்கள் படிக்கட்டும். உனக்குச் சங்கடமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

எனக்கு எழுபத்திரண்டு முடிந்துவிட்டது. வலது கண்ணில் நடுவில் ஒரு மங்கல் விழுந்திருக்கிறது. பக்கத்தின் ஓரங்கள் தெரிகின்றன, படிக்கிற வரி தெரியவில்லை. எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன், அதற்காகத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ அம்மாவோடு போனில் பேசும்போது நான் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். படிக்க முடியாத பேப்பர். அம்மா முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, "அப்பா இருக்காரு, குடுக்கட்டுமா?" என்று நீட்டுவாள். "நல்லா இருக்கியாப்பா?" என்பாய். "நல்லா இருக்கேம்மா" என்பேன். அதற்குப் பிறகு உன் பக்கம் பெங்களூரில் பால்காரர் மணியடிப்பது வரைக்கும் எனக்குக் கேட்கும், நீ பேசுவது மட்டும் கேட்காது. அந்த ஒரு கேள்விக்காக ஆறு நாள் காத்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியாது. சொன்னதில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். திண்டிவனத்தில் கல்லூரி வேலை வாரத்தில் ஐந்து நாள். மீதி இரண்டு நாளும் நான் வீட்டில் இருந்ததில்லை. சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகப் போய், பழைய கோயில் சுவர்களிலும் கொல்லைக் கற்களிலும் இருந்த கல்வெட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை அம்மா வாசலை மறித்துக்கொண்டு, "பொண்ணையும் இட்டுக்கினு போங்க. அப்பன் மூஞ்சியாவது மறக்காம இருக்கட்டும்" என்றாள். உனக்கு ஒன்பது வயது. பிரம்மதேசம் கோயில் சுவரில் விளக்குக்கு ஆடு கொடுத்த கல்வெட்டு ஒன்றை உனக்குப் படித்துக் காட்டினேன். 'சாவா மூவாப் பேராடு' என்ற இடம் வந்ததும் நிறுத்தினாய். சாகாத ஆடு, கிழமாகாத ஆடு எப்படி இருக்கும் என்று கேட்டாய். செத்த ஆட்டுக்குப் பதிலாகக் குட்டி சேர்ந்துகொண்டே வரும், கணக்கு குறையாது என்று விளக்கினேன். சுவரில் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஆடு குடுத்தவரு பேரு இருக்குது, சாமி பேரு இருக்குது, ராஜா பேரும் இருக்குது. ஆட்ட மேச்சவரு பேரு எங்கப்பா?" என்றாய்.

"எழுதலம்மா."

"ஏன் எழுதல?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த வாரம் பெருமுக்கல் மலை ஏறும்போதும் அதையே கேட்டுக்கொண்டு வந்தாய். மூச்சு வாங்கியதைச் சாக்காக வைத்துக்கொண்டு நான் பேசாமல் ஏறினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்வெட்டில் இல்லாத ஆட்களை வேறு எங்கேதான் வைப்பது? அப்படித்தான் நாவலுக்குள் வந்தேன். பேட்டி எடுத்தவர்கள் எல்லாரிடமும் என்னென்னவோ காரணம் சொல்லியிருக்கிறேன். உண்மையான காரணம் நீ கேட்டது.

வந்த பிறகு நடந்தது வேறு. வெயிலில் வருடக்கணக்கில் நின்று எழுதிய கட்டுரைகளை அச்சுக்கோத்தவரும் நானும்தான் முழுதாகப் படித்திருப்போம். முதல் தொடர்கதை வாரப் பத்திரிகையில் வந்தபோது விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டர் என்னிடம் வந்து, "சார், அந்த ராணிய சாவடிச்சிடாதீங்க, எங்க வூட்ல அழுவுறாங்க" என்றார். ஒரு மாதம் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தேன்மொழி, அந்த ருசி பொல்லாதது. ஆட்டை மேய்த்தவனைத் தேடி உள்ளே போனவன், ராணியின் மூக்குத்தியை மூன்று வாரம் வர்ணித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கல் கிடைத்தபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். கெடாரைத் தாண்டி உள்ளே போகிற அந்த ஊர். பெயரை இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம். மல்லாட்டை விளைகிற கொல்லையின் ஓரத்தில், புங்கமரத்தடியில், இடுப்பு உயரக் கல். வில்லை இழுத்தபடி ஒரு வீரன், காலடியில் ஒரு நாய். எழுத்து பளிச்சென்று தெரிய நாம் மாவு எடுத்து அதன்மேல் தடவ ஆரம்பித்தபோது காலனியிலிருந்து அஞ்சலை ஒரு குடம் தண்ணீரோடு வந்தாள். "மொதல்ல குளுப்பாட்டிட்டு அப்பறம் தொடுங்க சார். எங்க வேடியப்பன் இது. எங்க பூட்டன் காலத்துலேர்ந்து ஆடி மூணாம் வெள்ளிக்குப் பொங்க வெச்சிக்கினு வரோம்" என்று சொல்லி, தன் கையாலேயே கழுவிவிட்டாள். நாலு வரி இருந்தது. மாடுகளைக் கவர்ந்து போனவர்களோடு சண்டை போட்டு, மாடுகளை மீட்டு, செத்துப் போனவன் என்பது வரைக்கும் படிக்க முடிந்தது. பெயர் இருந்த மூலை உடைந்து போயிருந்தது. 'இன்னாரின் மகன்' என்பதில் 'மகன்' மட்டும் மிச்சம். கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி, தட்டி, மை ஒற்றிப் படி எடுத்தோம். நீதான் தாளின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். அஞ்சலையிடம், "உங்க சாமி ஊருக்காக செத்தவரும்மா, உங்க சாமிதான்" என்று நானே சொன்னேன். என் கட்டுரையிலும் வீரனின் பெயர் சிதைந்துவிட்டது, காலனி மக்கள் வழிபடுகிறார்கள் என்று சரியாகத்தான் எழுதினேன்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நாவலுக்குப் பெயரில்லாத வீரன் போதாது. அந்த ஊரில் வேலை செய்த நாட்களில் எனக்குச் சாப்பாடு போட்டது பெரிய வீட்டுக்காரர். நிலபுலம் உள்ளவர், நல்ல மனுஷர், என் கதைகளை வரிவிடாமல் படித்தவர். அவர்கள் வம்சத்துக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது காதுக்கு நன்றாக இருந்தது. அதையே வீரனுக்கு வைத்து, அவனை ஒரு நாட்டுத் தலைவனின் மகனாக்கி, குதிரை கொடுத்து, காதலி கொடுத்து ஒன்றரை வருடம் எழுதினேன். எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாவல் அதுதான்.

சில வருடம் கழித்து அந்தக் கல்லைச் சுற்றி மண்டபம் கட்டியிருக்கிறோம், குடமுழுக்குக்கு வர வேண்டும் என்று பெரிய வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நீ அப்போது எம்.ஏ. வரலாறு முதல் வருடம். ஆசையாக உன்னையும் கூட்டிக்கொண்டு போனேன். மண்டபத்துக்கு இரும்புக் கேட்டு. கேட்டுக்குப் பக்கத்தில் கருங்கல் பலகை. அதில் நான் வைத்த பெயர், நான் கட்டிய வம்சம், கீழே 'ஆய்வாளர் கண்டறிந்தபடி' என்று என் பெயர். பலகையை இரண்டு முறை படித்தேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அப்போதுதான் அஞ்சலை பொங்கல் பானையோடு வந்தாள். கேட்டில் நின்ற இரண்டு பேர், "இது வம்சக் கோயிலு, உங்களுக்கு வெளிய எடம் வுட்ருக்குது" என்றார்கள். அவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"சார், நீங்கதான மாவு தடவிப் படிச்சீங்க? எங்க சாமின்னு உங்க வாயால சொன்னீங்களே, சொல்லுங்க சார்."

நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "பேரு சிதஞ்சி போச்சின்னு நீதானப்பா எழுதுன. சொல்லேம்பா."

"அப்பறம் பேசிக்கலாம்" என்றேன். அந்த இரண்டு சொல்லையும் இன்றைக்கு வரைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. சால்வை போட்டார்கள். மேடையில் பேசச் சொன்னார்கள். பேசினேன். நாவலில் இருந்ததை, நடந்ததைப் போலவே பேசினேன். கைதட்டினார்கள். அஞ்சலை பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏரிப்பக்கம் திரும்பி நடந்ததை மேடையிலிருந்தே பார்த்தேன். பார்த்துக்கொண்டே பேச்சை முடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ் விழுப்புரம் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாய். "ஏம்பா அப்படிப் பேசுன?"

"நாவல் வேற, ஆராய்ச்சி வேற. படிக்கிறவங்களுக்குத் தெரியும்."

"மேடையில பேசினது அதுல எது?"

நான் டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்தேன். நீ மெதுவாகத்தான் சொன்னாய், ஆனால் பஸ் இரைச்சலிலும் எனக்குக் கேட்டது. "இவ்ளோ நாளும் அவரு பேரு இருந்த எடமாவது காலியா இருந்துச்சி. நீ அதையும் இல்லாம பண்ணிட்ட."

"அப்பன்கிட்ட பேசற பேச்சா இது?" என்று பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். பிள்ளை சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாதபோது அப்பாக்களுக்கு வருகிற கோபம் அது. அதற்குப் பிறகு நீ எம்.ஏ.வை விட்டாய். பி.எட். படித்து, பெங்களூருக்கு வேலைக்குப் போனாய். கூட வேலை பார்க்கிறவரையே அங்கே கல்யாணம் செய்துகொண்டாய். நானும் வந்தேன், தாலி கட்டியதும் அட்சதை போட்டுவிட்டு மத்தியான ரயிலில் திரும்பிவிட்டேன். குழந்தை பிறந்தபோது அம்மா மூன்று மாதம் உன்னோடு இருந்தாள். நீ கூப்பிடுவாய் என்று நான் இங்கே இருந்தேன். நான் வருவேன் என்று நீ அங்கே இருந்தாயோ என்னவோ. ஐந்து வயதாகிவிட்ட பேத்தியை போன் கண்ணாடியில்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் இப்போது நடுவில் மங்கல்.

பதினான்கு வருடம் கழித்து, போன மாதம் வைகாசியில் அந்த ஊருக்குப் போனேன். "கெடார் வரைக்கும் போய்ட்டு வர்றேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலையும் தொப்பியையும் எடுத்துக் கொடுத்து, "நிதானமா போய்ட்டு வாங்க" என்றாள். பழைய கட்டுரை வந்த இதழைப் பையில் வைத்துக்கொண்டேன்.

பெரிய வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அவர் மகன் என்னை மரியாதையாக உட்காரவைத்தார். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். வரி தெரியாததால் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு என் கட்டுரையைத் திக்கித் திக்கிப் படித்தேன். பெயர் சிதைந்துவிட்டது, காலனி மக்கள்தான் கும்பிட்டு வந்தார்கள், பலகையில் இருப்பது நான் கட்டிய கதை என்று சொன்னேன்.

ஒருவர் கோபமாகக் கேட்டார். "அப்போ இத்தினி வருசமா நாங்க கும்புட்டது கதையையா?"

"கும்பிட்டது கல்லைங்க. கல்லு நெசம், செத்த வீரனும் நெசம். பேரும் வம்சமும் மட்டும் நான் போட்டது."

பெரிய வீட்டு மகன் என்னைப் பார்க்காமல் பேசினார். "எங்கப்பா சாகற வரைக்கும் உங்க புஸ்தகத்த தலமாட்டுல வெச்சிக்கினு இருந்தாரு சார். அவரு இருந்தப்ப வந்து சொல்லியிருக்கலாம். போனப்பறம் வந்து சொல்றீங்களே."

அவர் கேட்டது நியாயம்தான். நான் ஒரு வீட்டாரிடமிருந்து சாமியைப் பிடுங்கினேன், இன்னொரு வீட்டாருக்கு இல்லாத பெருமையைக் கொடுத்து இப்போது அதையும் பிடுங்குகிறேன். இரண்டும் என் கை செய்தது. நாவலில் எழுதிய ஒரு வரி இரண்டு வீடுகளுக்குள் இப்படி நுழையும் என்று எழுதும்போது தெரியவில்லை என்று சொல்லலாம். குடமுழுக்கு அன்றைக்குத் தெரிந்தது, அப்போதும் வாய் திறக்கவில்லை. சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளை அவரிடம் கொடுத்தேன். வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பலகைய எடுக்கறதுன்னா பங்காளிங்களக் கேக்கணும். சாவி என்கிட்ட இருக்குது. ஆடிக்குத் தெறந்து வுடறேன், யாரு வேணா வரட்டும். அதுக்கு மேல இப்போ என்னைக் கேக்காதீங்க" என்றார். அவ்வளவுதான் நடந்தது. பலகை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அதேபோல் எழுதிய இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனேன். அஞ்சலைக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. நூறு நாள் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "வாங்க சார். வருவீங்கன்னு தெரியும்" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை. நான் சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டு, தாளையும் வாங்கிக்கொண்டு, "வாங்க, எங்க சாமியப் பாருங்க" என்று ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஓலை வேய்ந்த சின்னக் கொட்டகை. உள்ளே கண்ணாடி போட்ட சட்டத்தில் ஒரு தாள். மஞ்சள், குங்குமம், காய்ந்த மாலை. கிட்டே போய், கண்ணின் ஓரத்தால் பார்த்தேன். வில்லை இழுத்த வீரன், காலடியில் நாய், நாலு வரி, மூலையில் எழுத்தில்லாத வெள்ளை. நாம் எடுத்த படி. என் அலமாரியில் தேடித் தேடி, கரையான் தின்றுவிட்டது என்று நான் கைகழுவிய படி.

"இது எப்படி இங்க?"

"உங்க பொண்ணு குடுத்தது. கேட்டு போட்ட மறு வருசமே எடுத்துக்கினு வந்துச்சி. இதுல உங்க சாமி அப்படியே இருக்காரு, யாரும் பூட்டு போட முடியாதுன்னு சொல்லிச்சி. ஆடிக்கு ஆடி வந்துகினுதான இருக்குது. ரெண்டு வருசமா கொழந்தயும் இட்டுக்கினு வருது. நெத்தி அப்படியே உங்க நெத்தி. ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "தெரியாதும்மா" என்றேன்.

அவள் முன்னால் நடந்தாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாய் விரித்து, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். "எங்கப்பா ஒருநாள் வருவாரு. வந்தா ஒண்ணும் கேட்டுடாதீங்க, மொதல்ல சோறு போடுங்கன்னு சொல்லி வெச்சிருக்குது. சாப்புடுங்க சார்."

சாப்பிட்டேன். எத்தனையோ மேடையில் எனக்கு விருந்து நடந்திருக்கிறது. இப்படித் தட்டை வழித்து நான் சாப்பிட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "அவ வருஷா வருஷம் கெடாருக்கு வந்துட்டுப் போறா, உனக்குத் தெரியுமா?" என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க அவளப் பாக்கப் போயிருப்பீங்க. அவ கேட்டது அது இல்லியே. நீங்களா அந்த ஊருக்குப் போயி நெசத்தச் சொல்லணும்னுதான கேட்டா."

தேன்மொழி, நீயும் இப்போது வகுப்பில் நின்று பேசுகிறவள். உனக்கு நான் சொல்லித் தருவதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை, நீ எனக்குச் சொன்னதே பாதி மீதம் இருக்கிறது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். தெரியாத இடம் வரும்போது தெரியாது என்று சொல்லிவிடு. அந்த இடத்தை அழகாக நிரப்பத் தெரிந்தவர்களுக்குத்தான் அது கஷ்டம். இந்தப் பதிப்பில் நாவலை நான் திருத்தவில்லை, கதை கதையாகவே இருக்கட்டும். ஆனால் வீரனின் பெயரும் வம்சமும் என் கற்பனை, கல்லில் அவன் பெயர் இல்லை, அவனை இத்தனை தலைமுறை காப்பாற்றியவர்கள் இன்னார் என்று முதல் பக்கத்திலேயே போடச் சொல்லியிருக்கிறேன். அஞ்சலையின் பெயரும் இருக்கிறது. அவளைக் கேட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

அச்சாவதற்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று இதன் நகலை இன்றே தபாலில் சேர்க்கிறேன். ஆடி மூன்றாம் வெள்ளிக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. நானும் அம்மாவும் அந்த ஊருக்கு வருகிறோம். வேடியப்பனைக் கும்பிடத்தான் வருகிறேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன். நீ என்னோடு பேச வேண்டும் என்றில்லை. கூட்டத்தில் ஓரமாக நின்றுகொள்கிறேன். குழந்தையிடம் நான் யார் என்று உடனே சொல்ல வேண்டாம், அவளாகக் கேட்டால் சொல். எனக்கு நேராகப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். கொஞ்சம் பக்கவாட்டில் வந்து நில்லம்மா, உன் முகம் தெரியும்.

அப்பா